பத்தாயிரத்தில் ஒரு திமில்

அன்றைக்கு என் ரெக்கார்டிங் ரூமில் இருந்தவர்கள் நான்கு பேர். நான் ஒருவன். எனக்கு ஜோடி நாற்பத்தாறாயிரத்துக்கு ஸ்டுடியோ மானிட்டர் விற்று ஒன்பது நாள் ஆகியிருந்த டவுன்ஹால் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர். அரங்கேற்றத்துக்குப் பாட்டுப் பதிய வந்திருந்த வள்ளி கும்மி வாத்தியார் ஒருவர். அவருக்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை, டீ சொல்லியிருந்ததால் உட்கார்ந்திருந்தார். நான்காவது, அக்கா.

என் கூடப்பிறந்த அக்கா இல்லை. போத்தனூரில் எல்லாருக்கும் அவர் அக்காதான். ஐம்பது தாண்டியவர். தோளில் லேப்டாப் பை, கையில் ஒரு நீள அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் பென்சில் கனத்தில் ஒரு மைக். பாடுவதற்கான மைக் இல்லை, அளப்பதற்கான மைக். எந்த ரூமில் எந்த ஸ்பீக்கர் என்ன செய்கிறது என்று அளந்து, லேப்டாப்பில் கோடாகப் போட்டுக் காட்டுவார். ஒரு ரூமுக்கு ஐந்நூறு ரூபாயும் ஒரு காப்பியும். காப்பி சரியில்லை என்றால் அறுநூறு.

ஸ்டுடியோ மானிட்டர் தெரியாதவர்களுக்கு: அது பாட்டைக் கலக்கும்போது எதிரே வைத்துக் கேட்கிற ஸ்பீக்கர். வீட்டு ஸ்பீக்கர் கொஞ்சம் முகஸ்துதி செய்யலாம். இது உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சொல்கிறது என்பதற்குச் சாட்சியாகக் கம்பெனிக்காரன் அட்டையில் ஒரு கணக்குப் போடுவான். ஐம்பது முதல் இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை. அதாவது, உறுமியின் அடிச்சத்தத்திலிருந்து சலங்கையின் நுனிச்சத்தம் வரை, கூட்டாமல் குறைக்காமல் காட்டும். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். அச்சில் வந்தது எல்லாமே பரீட்சையில் வந்த கேள்வி மாதிரி. தப்பாக இருந்தால் அது என் தப்பாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன்.

அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்த அம்பதும் இருவதாயிரமும் எங்கிருந்துங்க வந்துச்சு?"

"கம்பெனி அளந்து போட்டதுங்கக்கா. கூடக் கொறைய மூணு டெசிபல்தான். அச்சுலயே இருக்குது பாருங்க," என்றார் கடைக்காரர்.

"கல்யாணப் பத்திரிகையிலயுந்தான் மாப்பிள்ளை பேருக்குப் பின்னால ரெண்டு வரிக்குப் படிப்பு அச்சுல இருக்குது."

வாத்தியார் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. அக்கா மைக்கை ஸ்டாண்டில் மாட்டினார்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்: வெறும் எண்ணை அவர் வாங்க மாட்டார். எண் என்று ஒன்றை யார் நீட்டினாலும், "கூடக் கொறைய எவ்வளவுங்க?" என்று கேட்பார். தன் பெண்ணுக்கு வரன் கொண்டுவந்த புரோக்கர், பையனுக்குச் சம்பளம் அறுபதாயிரம் என்றபோதும் அதையே கேட்டார். புரோக்கர் புரியாமல் விழித்தார். "அம்பதா, எழுபதாங்க? யாரு அளந்தது, எந்த மாசத்துல அளந்தது? தீவாளி போனஸ் மாசமா?" பையன் வீட்டில் இதைக் கேட்டுக் கோபித்துக் கொண்டார்கள். அப்புறம் விசாரித்ததில் முப்பத்தெட்டாயிரம். "பாத்தியா, மைனஸ் இருவத்திரெண்டு. இவன் ஸ்பீக்கர் கம்பெனியில வேலை பாக்கறான் போல," என்று என்னிடம் சொன்னார். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்லவர் என்பது வேறு கணக்கு.

ஆஸ்பத்திரியில் பிரஷர் நூற்று நாற்பது என்று சொன்ன நர்சிடம், அந்த மிஷினைக் கடைசியாக எப்போது சரி பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்குத்தான் பிரஷர் ஏறியது.

இந்தப் புத்தி மில்லில் வந்தது. ஸ்பின்னிங் மில்லின் டெஸ்டிங் லேபில் இருபது வருஷம். நூற்றிருபது கெஜம் நூலைச் சுற்றி எடுத்து எடை போட்டால் அது எத்தனையாம் நம்பர் நூல் என்று தெரிந்துவிடும். பெட்டியில் நாற்பதாம் நம்பர் என்று அச்சடித்திருக்கும், எடை போட்டால் முப்பத்தெட்டு வரும். நம்பர் குறைந்தால் நூல் தடிமன், அதே எடைக்கு வாங்குகிறவனுக்கு அத்தனையும் நீளத்தில் நஷ்டம். மேனேஜர், "எழுதுங்கம்மா நாப்பதுன்னு" என்பாராம். இவர் முப்பத்தெட்டு என்றே எழுதுவார். இப்படி எழுதி எழுதி, லேபிலிருந்து பஞ்சு குடோனுக்கு மாற்றினார்கள். பஞ்சு குடோனில் இவர் பஞ்சின் ஈரத்தை அளக்க ஆரம்பித்தார். மில்லை மூடினபோது முதலாளிக்குப் பாதி நிம்மதி அதனால்தான் என்று இவரே சொல்லுவார்.

ஸ்பீக்கருக்கு வந்தது வீட்டுக்காரரால். அவர் மைக்செட் வைத்திருந்தார், அட்டையைப் படித்துவிட்டு ஸ்பீக்கர் வாங்குகிற ஜாதி. "முப்பது ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும்னு போட்டிருக்குது" என்று ஒன்றைத் தூக்கிவந்தார். அக்கா கேட்டுப் பார்த்தார். அடிச்சத்தம் எங்கேயும் காணோம். அட்டையின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் எழுத்து: மைனஸ் பத்து டெசிபல். என்ன ஏது என்று ஆறு மாதம் அலைந்து விசாரித்துக் கண்டுபிடித்தார். முப்பது ஹெர்ட்ஸில் சத்தம் இருக்கும், காதுக்குப் பாதியாகத்தான் இருக்கும். நாமும் டெல்லி வரைக்கும் போவோம், நடந்து.

அன்றிலிருந்து அட்டைகளைச் சேர்த்தார். கூடக் குறைய எவ்வளவு என்று போடாமல் ஐம்பது-இருபதாயிரம் என்று மட்டும் சொல்கிறவனை அவர் மதிப்பதேயில்லை. அந்த அட்டைகள் முறுக்கு டப்பாவுக்கு அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தன. மைனஸ் பத்து என்று எறும்பு எழுத்திலாவது போடுகிறவனுக்கு, "திருடன், ஆனா எங்கே திருடுனேன்னு எழுதி வச்சுட்டுப் போறான்" என்று ஒரு பாராட்டு. கூடக் குறைய மூன்று என்று போட்டு, கோடும் வரைந்து காட்டுகிறவனையும் முழுசாக விடமாட்டார். "இந்தக் கோட்டைப் பாரு கண்ணு, பொண்ணு பாக்க வரும்போது தலை வாரி உட்டாப்பல. மேடு பள்ளத்தையெல்லாம் சீப்புப் போட்டு வாரிப்போட்டான்."

"அப்ப எதைத்தானுங்க நம்பறது?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு அது பெரிய கவலை. ராத்திரியில் அட்டைகளை நினைத்துப் புரளுகிற ஆள் நான்.

"பொய்யின்னு சொல்லலியே. அது அவிங்க ஊட்டு உண்மை. எதிரொலியே இல்லாத ரூமுல, மூக்குக்கு நேரா ஒரு மீட்டர்ல வச்சு அளக்கறான். உன்ற ரூமு பத்துக்குப் பத்து. ஒரு செவுத்துக்கு அக்கட்ட மாமியார் ஊடு, இன்னொரு செவுத்துக்கு அக்கட்ட ரயிலு. இங்க வந்தா அது வேற பேச்சுப் பேசும்."

ரயில் விஷயம் நிஜம். என் ரூம் தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரம். கூட்ஸ் வண்டி போகும்போது ஐம்பதுக்குக் கீழே எல்லா ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கர்தான். வண்டி போகும் வரைக்கும் காத்திருந்துதான் அவர் அளப்பார். மானிட்டரை மூலையிலிருந்து இரண்டடி தள்ளவைத்தார். மூடின மில்லிலிருந்து பஞ்சுக் கழிவு மூட்டை நான்கு வரவழைத்து மூலைக்கு மூலை நிறுத்தினார். வார்த்தைக்கு வார்த்தை 'உர்ர்' என்று கூடவே முனகிய என் ரூம் அதற்கப்புறம் வாயை மூடியது. அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

சந்தேகம் அந்த மைக்கில்தான். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எந்த அளவு மைக்கும் பிறவியிலேயே கொஞ்சம் கோணல். ஒன்றுக்கு உச்சச் சத்தத்தில் காது கூர்மை, இன்னொன்றுக்கு மந்தம். எவ்வளவு கோணல் என்று ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனியாகக் கம்பெனி ஒரு கணக்குத் தரும். மைக்கின் நம்பரைப் போட்டு அந்தக் கணக்கை இறக்கி லேப்டாப்பில் ஏற்றிவிட்டால், கோணல் கழிந்து நேரான அளவு வரும். அக்காவின் பழைய மைக் கீழே விழுந்து போய்விட்டதால் புதிதாக வாங்கினார். சரவணம்பட்டியில் ஒரு காலேஜுக்கும் ஒன்று வேண்டுமென்று இரண்டாகச் சேர்த்து வரவழைத்தார். அவர் ஊரில் இல்லாததால் கூரியர் என் ரூமுக்கு வந்தது. உடைந்திருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் இரண்டு பெட்டியையும் பிரித்தேன். இரண்டு மைக்கையும் மேசைமேல் வைத்து ஊதிப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன். திரும்ப வைக்கும்போது எது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

மைக்கின் மேலுள்ள நம்பர் கடுகைவிடச் சின்னது. பெட்டி மேலுள்ளது பெரிசு. அக்கா பெட்டி நம்பரைப் போட்டுக் கணக்கை இறக்கினார். அச்சில் வந்ததில் அவர் கேள்வி கேட்காமல் வாங்கிய ஒரே எண் அதுவாகத்தான் இருக்கும்.

இனி அன்றைய தினம். கூட்ஸ் வண்டி போய் முடிந்தது. அக்கா பட்டனைத் தட்டினார். ஸ்பீக்கரிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது: அடிவயிற்று 'ஊ'வில் தொடங்கி, மேலே மேலே ஏறி, கடைசியில் கொசுவாகிக் காணாமல் போகும். தெருநாய்கள் மூன்றும் எப்போதும்போல் கூடச் சேர்ந்து பாடின. லேப்டாப்பில் கோடு விழுந்தது. நடுவில் நன்றாகத்தான் வந்தது. பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஜிவ்வென்று எழும்பி நின்றது.

"வாத்தியாரே, இது என்ன சொல்லுங்க?"

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "காங்கேயம் காளைக்குத் திமிலுங்க."

"ஆறு டெசிபல் திமிலு. ஏனுங்க, அட்டையில கூடக் கொறைய மூணுன்னு இருக்குது. மிச்சம் மூணு யாரு ஊட்டுதுங்க?"

கடைக்காரருக்கு முகம் வேர்த்தது. "அக்கா, நான் செஞ்சதுங்களா இது? பெட்டியோட வருது, பெட்டியோட குடுக்கறேன். இந்தக் கம்பெனி அப்பிடிப் போடாதுங்க."

"நீங்க நல்லவருங்க. உங்க அட்டைதான் கெட்டது. பணத்தைத் திருப்பிக் குடுத்துப்போடுங்க, பாவம், இவன் நகையை வச்சு வாங்கியிருக்கறான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாத்தியாரைப் பார்த்தேன். வாத்தியார் டீயைப் பார்த்தார். மறுநாள் நாற்பத்தாறாயிரமும் வந்துவிட்டது. வாத்தியார் சும்மா இல்லாமல் அந்தக் கோட்டைப் போனில் படம் பிடித்து, மைக்செட்டுக்காரர்கள் குரூப்பில் காளை படத்தோடு போட்டுவிட்டார். ஒரு வாரத்தில் அந்தக் கடைக்குத் 'திமில் கடை' என்று பேர்.

அதற்கப்புறம் அக்கா அளந்த ஒவ்வொரு ரூமிலும் அதே திமில். போத்தனூரில், சூலூரில், பல்லடத்தில். பத்தொன்பது ரூம், எல்லாவற்றிலும் பத்தாயிரத்தில். "எல்லாத்துலயுமா அக்கா? ஒரே எடத்துலயா?" என்று கேட்டேன்.

"அதுதான் பாரு. கடையில வச்சா பளிச்சுன்னு கேக்கோணும்னு எல்லாப் பயலும் அங்கயே ஏத்தி உடறான். சொல்லி வச்சாப்பல ஒரே எடத்துல பொய் சொல்றாங்க." அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அச்சடித்தவன் அத்தனை பேரும் பொய்யன் என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்ததற்கு ஊர் ஊராகச் சாட்சி கிடைத்துக் கொண்டிருந்தது. தன் கையிலிருக்கும் குச்சியைத் திருப்பிப் பார்க்க அவருக்கு ஏன் தோன்றும்?

திமில் இருக்கிற ஸ்பீக்கரில் அதை அமுக்க வேண்டும். பத்தொன்பது ரூமிலும் பின்பக்கம் திருகி உச்சச் சத்தத்தைக் குறைத்து வைத்தார். என் பழைய ஜோடியிலும். இல்லாத திமிலை அமுக்கினால் என்ன ஆகும்? மானிட்டர் மந்தமாகக் கேட்கும். நாங்கள் பாட்டில் சலங்கையையும் குரலின் கூர்மையையும் ஏற்றிக் கலப்போம். அந்த வருஷம் கோயில் நோம்பிகளில் ஒலித்த பாட்டைக் கேட்டவர்களுக்குப் பல் கூசியிருக்கும். கும்மி அரங்கேற்றத்தில் முந்நூறு பெண்கள் ஆடிய பாட்டில் சலங்கைச் சத்தம் ஊசியாகக் குத்தியதாம். வாத்தியார் அதை மைக்செட்டுக்காரன் தலையில் கட்டினார்.

எனக்கு உறைத்தது தீபாவளிக்கு முன்னால். சேலைக் கடை விளம்பரம் ஒன்று பேசிப் பதிந்து கொடுத்திருந்தேன். விளம்பர ஆட்டோ எங்கள் தெருவிலேயே வந்தது. "சிறப்புச் சலுகை, சின்னாளப்பட்டிச் சேலை" என்று என் குரல்தான். ஒவ்வொரு 'ச'வுக்கும் பாம்பு சீறியது. எதிர்வீட்டம்மா சன்னலைச் சாத்தினார்.

எல்லா ரூமிலும் ஒரே திமில் என்றால் கோணல் மைக்கில்தான் என்று பட்டது, நான் பிரித்த இரண்டு பெட்டியும் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். மைக்கை வாங்கி, போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மைக்கில் ஒரு நம்பர். பெட்டியில் வேறு நம்பர்.

"அக்கா, ரெண்டும் வேற வேறயா இருக்குதுங்க."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அவருக்கு வீட்டுப் பாஷை தெலுங்கு. கோபமோ பயமோ வந்தால் எண்ணிக்கை தெலுங்கில்தான் வரும். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து எண்ணினார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு அந்த நம்பருக்கு உரிய கணக்கை இறக்கி ஏற்றினார். என் ரூமில் அன்று அளந்த அளவு லேப்டாப்பில் பத்திரமாக இருந்தது. புதுக் கணக்கைச் சேர்த்ததும் திமில் இறங்கிப் படுத்துக்கொண்டது. கூடக் குறைய மூன்றுக்குள், அட்டையில் போட்டிருந்தபடியே.

அவர் லேப்டாப்பை மூடினார். அப்புறம் கேட்டார்:

"தம்பி, கூரியர் உன்ற ரூமுக்குத்தானே வந்துச்சு. நீ எதாச்சும் பிரிச்சுப் பாத்தயா?"

"இல்லீங்கக்கா. வந்தது வந்தபடியே உங்ககிட்டக் குடுத்துப்போட்டனுங்க."

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. வந்துவிட்டது. அவர் தலையாட்டினார்.

"அப்ப கம்பெனியிலயே மாத்திப் போட்டிருப்பான். அதை உடு. பாக்காதது நானு."

மறுநாள் காலையில் மொபெட்டை எடுத்தவர், பத்தொன்பது ரூமுக்கும் போய்ச் சேர எட்டு நாள் ஆனது. ஒவ்வொரு இடத்திலும் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, வாங்கின ஐந்நூறையும் திருப்பிக் கொடுத்தார். காப்பி மட்டும் கழிக்க முடியாது என்றார். காலேஜுக்குப் போய் மைக்கை மாற்றிக்கொண்டு வந்தார். அங்கே அவர்கள் பெட்டியை இன்னும் பிரிக்கவேயில்லையாம். தன் மைக்கின் உடம்பில் நெயில் பாலிஷால் நம்பரைக் கொட்டைக் கொட்டையாக எழுதினார். குரூப்பில் அவர் குரலிலேயே ஒரு செய்தி வந்தது: "நான் அளந்தது தப்புங்க. திமிலு ஸ்பீக்கர்ல இல்ல, என்ற மைக்ல. அந்தக் கடைக்காரர் குடுத்த அட்டை சரியான அட்டைங்க." கீழே சிரிப்புப் பொம்மைகளாக ஒரு நூறு விழுந்தன. "அக்காவையே அளக்கோணும் போல" என்று ஒருத்தன்.

கடைசியாகக் கடைக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்றுதான் போனேன்.

கடையில் ஆள் இல்லை. கடைக்காரர் பாதி நாள் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்.

"குரூப்புல கேட்டனுங்கக்கா," என்றார். "சந்தோசம். ஆனா போன யாவாரம் குரூப்புல வருமுங்களா?"

"வராதுங்க. அந்த ஜோடியை என்ன பண்ணுனீங்க?"

"பிரிச்ச பெட்டிய யாருங்க வாங்குவா? ஒரு கல்யாண மண்டபத்துக்கு இருவத்தொம்பதாயிரத்து ஐந்நூறுக்குத் தள்ளுனனுங்க. மைக்கு டெஸ்டிங்குன்னு கத்தறதுக்கு."

"பில்லு இருக்குதுங்களா?"

இந்த நிலைமையிலும் பில் கேட்கிறாரே என்று எனக்கு உடம்பு கூசியது. கடைக்காரர் எடுத்துக் காட்டினார். அக்கா பார்த்தார், வாய்க்குள் தெலுங்கில் கழித்தார், பையைத் திறந்தார். லேப்டாப் மாற்ற வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த காசு அது. எனக்குத் தெரியும், எந்த மாடல் என்று இரண்டு மாதமாக என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். எண்ணி மேசைமேல் வைத்தார்.

"அட, எதுக்குங்கக்கா இதெல்லாம். கம்பெனிக்காரன் பெட்டி மாத்துனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் கடைக்காரர். சொல்லிக்கொண்டே எண்ணிப் பார்த்து உள்ளே வைத்தார்.

சொல்லியிருக்கலாம். அந்த மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வாய் வார்த்தை. நான் செல்போன் கவர்களின் விலையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து அக்கா எனக்கு ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். "மூஞ்சி ஏன் இப்பிடிக் கெடக்குது? காசு போனது எனக்கு. நீ குடி," என்றார். நம்பர் வேறு என்று கண்டுபிடித்ததற்கு எனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றார். நான் குடித்தேன்.

அடுத்த வருஷம் அக்காவின் வீட்டுக்காரருக்கு முடியாமல் போகவும், பெண் வீட்டுப் பக்கம் இருக்கலாமென்று தாராபுரத்துக்குக் குடிபோய்விட்டார். அங்கேயும் ஒரு மண்டபத்தில் அளந்துவிட்டு, அட்டையில் போட்டது இந்தத் தடவை உண்மை என்று எனக்குப் போன் செய்தார், யாரோ தனக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி. பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரம். பணத்தைப் போனிலேயே அனுப்பிவிடலாம். விரல் வைத்தால் போகும். போய்ச் சேர்ந்ததும் இது எதுக்கு என்று கேட்பார். அவர் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை.

நான் அவருக்குத் தர வேண்டியது பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.